சீட்டாட்ட அறை, மாலை ஐந்து மணி

"இந்தத் தடவை நம்மாளுங்க கப்பல்தான். வேற பேச்சே கிடையாது. பெவ், டிக்கெட்டைப் போடு!"

ஆர்லோ உட்காரக்கூட இல்லை. பின்னாலேயே வந்த வெண்டல் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "எப்பவும் போற கப்பலையே போடு, பெவ்" என்றார்.

அமெரிக்கத் துறைமுகமான ஃபோர்ட் லாடர்டேலில் பெவ் என்கிற நானும் என் மனைவியும் நடத்தும் டிராவல்ஸில் வருஷா வருஷம் நடக்கிற கூத்து இது. ஆர்லோ என் முடியை வெட்டிவிடுகிறவன். வெண்டல் மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் சேர்ந்து வாழ ஆரம்பித்து இருபத்தாறு வருஷம். ஆணும் ஆணும் மணக்கலாம் என்று சட்டம் வந்த அன்றே கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

எங்களைப் போன்ற ஆண்-ஆண், பெண்-பெண் ஜோடிகளுக்கென்றே தனியாக உல்லாசக் கப்பல் விடுகிறார்கள். ஆர்லோவுக்கு அதில் போக ஆசை. குடும்பம் குட்டிகளோடு ஊரே போகிற கப்பல்தான் வேண்டும் என்பார் வெண்டல்.

"எட்டு வருஷமா கெஞ்சறேன் பெவ்! மேல்தளத்துல, பட்டப்பகல்ல, இந்தக் கிழவன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆட்டம் ஆடணும். அவ்வளவுதான் கேட்கறேன். கிட்னியையா கேட்டேன்?"

"ஆடலாமே வெண்டல்" என்றேன்.

"அந்தக் கப்பல் வேண்டாம்மா."

"பார்த்தியா? இவன் போற கப்பல்ல, நீங்க அண்ணன் தம்பியான்னு சாப்பாட்டு மேஜையில எவளாவது கேட்பா. இந்த மனுஷன் பதில் சொல்லாம சூப்பைக் குடிச்சிட்டிருப்பான். சாயங்காலம் அஞ்சு மணியானா ஆளே காணோம். எங்கய்யா போனேன்னு கேட்டா, சீட்டாடப் போனேங்கறான். இவனுக்கு ஸ்பேடுக்கும் கிளாவருக்கும் வித்தியாசம் தெரியாது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆர்லோ சிரிக்கவில்லை.

"அலாஸ்கா போய்ட்டு வந்ததிலேருந்தே இப்படித்தான். என்கூட நிக்க வெட்கமா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்யா. இந்த வருஷமும் அதே கப்பல்னா நான் வரலை. நீ திரும்பி வரும்போது வீட்லயும் இருக்கமாட்டேன். டாம்பாவுல என் தங்கச்சிகிட்ட போயிடுவேன்."

வெண்டல் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒருத்தருக்கு மட்டும் போடு, பெவ்."

ஆர்லோ கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். 

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்கு வெண்டல்! நாமெல்லாம் தெருவுல இறங்கிக் கத்தினது, அடி வாங்கினது எல்லாம் எதுக்கு? நீங்க இந்த வயசுல ஒளிஞ்சு வாழறதுக்கா? உங்களை மாதிரி ஒரு கோழையை நான் பார்த்ததில்லை."

"சொல்லு. திட்டு" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அஞ்சு மணிக்கு அப்படி எங்கதான் போறீங்க?"

"சீட்டாட்ட அறைக்குத்தான். ஊரே போற கப்பல்கள்லயும் தினம் நிகழ்ச்சி நிரல்னு ஒரு தாள் குடுப்பாங்கல்ல, அதுல ஓரத்துல சின்னதா ஒரு வரி இருக்கும். நம்ம மாதிரி ஆளுங்க அஞ்சு மணிக்குச் சந்திக்கலாம்னு. அறையை மட்டும்தான் குடுப்பாங்க. நடத்த ஆள் கிடையாது. நான் போய் ஆறு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்."

"எத்தனை பேர் வருவாங்க?"

"இத்தனை வருஷத்துல ரெண்டு பேர். ஒருத்தர் கண்ணாடியை வச்சுட்டுப் போயிட்டேன்னு தேடி வந்தார். ஒரு அம்மா பாத்ரூம் எங்கேன்னு கேட்டாங்க."

"அப்புறம் ஏன் போறீங்க?"

வெண்டல் தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அலாஸ்கா போன கப்பல்லயும் அந்த வரி இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் போனோம். ஒரு ஈ, காக்கா இல்லை. கால் மணி நேரம் பார்த்துட்டுக் கிளம்பிட்டோம். நாங்க போனப்புறம் ஒருத்தர் வந்திருக்கார். அம்பது வயசு இருக்கும். பொண்டாட்டி, பிள்ளைங்களோட வந்தவர். இங்க யாருமே வரலையான்னு பணியாளைக் கேட்டிருக்கார். ஆறு மணி வரைக்கும் தனியா உட்கார்ந்திருந்துட்டுப் போனாராம்."

"சரி, அதனால?"

"மறுநாள் காலையில கப்பல் வந்த வழியே திரும்பிப் போச்சு. ஒருத்தரைக் காணோம், கடல்ல தேடறாங்கன்னு சொன்னாங்க. ஆர்லோ பக்கத்துல இல்லாதப்போ அந்தப் பணியாள் என்கிட்ட வந்து அழுதான். நேத்து உங்களுக்கப்புறம் வந்து உட்கார்ந்திருந்தவரேதான் சார்னு சொன்னான். கிடைக்கலை, பெவ்."

இவரைத்தான் சற்றுமுன் கோழை என்றேன். 

"நம்மாளுங்க கப்பல்ல அப்படி ஒருத்தர் இருக்கமாட்டார். அங்க கூப்பிட்டுப் பேச ஆயிரம் பேர் இருக்காங்க. ஊரே போற கப்பல்லதான் ஒரு நாற்காலியிலயாவது ஆள் இருக்கணும்."

"அடப்பாவி மனுஷா, இதை முதல்லயே அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே! ஒரு வார்த்தை போதுமே. அவனே உங்ககூட வந்து உட்கார்ந்திருப்பானே. இப்பவே கூப்பிடறேன்" என்று ஃபோனை எடுத்தேன்.

வெண்டல் என் கையைப் பிடித்து ஃபோனைக் கீழே வைத்தார்.

"வேண்டாம்மா. அன்னைக்கு நான் ஆறு மணி வரைக்கும் இருக்கலாம்னுதான் சொன்னேன். 'இங்க ஒருத்தனும் வரமாட்டான், எழுந்திரு'ன்னு என்னைக் கூட்டிட்டுப் போனதே ஆர்லோதான்."