எதிர்க்கருத்து நாற்காலி

ஒவ்வொரு ஆய்வுக்குழுவிலும் மாற்று அரசியல் கொண்ட ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்ததும், சமூகவியல் துறையினர் அந்த இடத்தில் யாரை உட்காரவைப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பேராசிரியர் சிங்காரவடிவேலின் பெயர் வந்தது. துறைத்தலைவருக்குத் தலையாட்டியே பதவி உயர்ந்த மகானுபாவர்! அன்றிலிருந்து கூட்டம் தவறாமல் எழுந்து "எதிர்க்கிறேன்" என்பார். பிறகு உட்கார்ந்து தலைவர் தரும் போண்டாவைத் தின்பார்.

ஆறாம் வருடம், உண்மையிலேயே மாற்று அரசியல் பேசும் திலகரசி வேலைக்கான நேர்காணலுக்கு வந்தாள். துறையின் ஆய்வு முடிவுகள் தவறென்று காட்ட, மூன்று மாவட்டங்களில் வீடுவீடாக ஏறி இறங்கி எடுத்த ஆய்வு அவள் கையில் இருந்தது. சிங்காரவடிவேல் புரட்டினார். அத்தனையும் சரி. மூடி அவள் பக்கமே தள்ளினார்.

"எதிர்க்கருத்துக்கு ஒரே இடந்தாம்மா. அதுலதான் நான் இருக்கேனே."

"இதுவரைக்கும் எதை சார் எதிர்த்திருக்கீங்க?"

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணைக் காட்டினார்.

சிங்காரவடிவேல் எழுந்தார். "இந்தப் பொண்ணை எடுக்கறதை எதிர்க்கிறேன்" என்றார், முதல்முறையாக மனதார.