ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பம்ப்

“ஃபிரிட்ஜா இருந்தப்ப எட்டி உதைச்சீங்க. செத்தப்புறம் மடியில வச்சுக் கொஞ்சுறீங்க” என்றாள் மனைவி.

“கேலி பண்ணாம பாரு.”

பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரசரில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை, மூன்று வருடமாகக் காற்றிறங்கிக் கிடந்த சைக்கிளின் டயரில் மாட்டியிருந்தார் அவர். சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரசர் உறுமியது. டயர் மெல்ல எழும்பியது.

“அடேங்கப்பா, ஓடுதே!”

“பின்னே? கம்ப்ரசர் குத்துக்கல்லாட்டம் இருக்கு. அதை ஸ்டார்ட் பண்ற ரிலேதான் போயிருந்தது. சுண்டுவிரல் அளவு சாமான். புதுசு மாட்டினேன், எழுந்து உக்காந்துடுச்சு.”

மனைவியின் சிரிப்பு நின்றது.

“அப்போ கம்ப்ரசர் கருகவே இல்லையா?”

“இல்லைங்கிறேனே!”

“உங்க தம்பி ஒயரை மாத்திக் கருக்கிட்டான்னுதானே அவரை வீட்டை விட்டுத் துரத்தினீங்க? ‘ரிலேயை ஒரு தடவை பாரு அண்ணா’ன்னு வாசல்ல நின்னு கெஞ்சினாரே.”

அவர் போனை எடுத்தார்.

“அவன் நம்பர் இருக்கா?”

“நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க.”

தம்பி விட்டுப்போன சைக்கிளின் டயர் இறுகிக்கொண்டே இருந்தது. பம்பை நிறுத்த அவருக்குக் கை வரவில்லை.