பேர்ணடெற்றிடம் சொல்லி அனுப்பியது

இந்தக் காலத்துச் சனத்துக்குச் செத்தவீடும் ஒரு படப்பிடிப்புத்தான். பெட்டிக்குள் ஒரு மனுசி கிடக்கிறாள், பக்கத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

அஜின்கோர்ட் பக்கத்து மலர்ச்சாலை ஒன்றில் பெட்டியைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். கிடந்தவள் பேர்ணடெற். கானா நாட்டுக்காரி, அதிலும் அக்கான் சனம். மார்க்கம் நகரில் ஒரு கந்தோர்க் கட்டடத்தில் என்னோடு சேர்ந்து வருசக்கணக்காக நிலம் துடைத்தவள்.

காலையில் முதியோர் இல்லத்தில் கிழடுகளைக் குளிப்பாட்டுவாள். பின்னேரம் எங்களோடு மொப் பிடிப்பாள். புருசன் இல்லை. பிள்ளைகளை அப்படித்தான் ஆளாக்கினாள்.

வெள்ளிக்கிழமையில் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டாள். செபமாலை ஏப்ரன் பொக்கற்றுக்குள் உருண்டுகொண்டிருக்கும்.

அந்த விரதம் என் மகனுக்காக.

ஊரில் யுத்தம் முடிந்த கிழமை, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லித்தான் ஆமிக்காரன் டிலக்சனை பஸ்ஸில் ஏற்றினான். நானும் என் மனுசி மனோரஞ்சிதமும் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்றுவரை ஆள் இல்லை.

இருக்கிறான் என்று சொன்ன சாத்திரிமாரை நான் நம்பவில்லை. இல்லை என்று சொன்ன பெரிய மனுசர்களையும் நம்பவில்லை. திவசம் மட்டும் செய்யவில்லை.

உன்னுடைய கடவுளையும் நம்பமாட்டேன் என்று பேர்ணடெற்றுக்கு என் உடைந்த இங்கிலீசில் சொல்லியிருக்கிறேன். அவள் குலுங்கிச் சிரித்தாள்.

"உன்னை ஆர் நம்பச் சொன்னது? நீ மொப்பைப் பிடி. கேக்கிறதை நான் கேக்கிறன்."

இனிக் கேட்பதற்கு ஆள் இல்லை.

அவளுடைய சனம் ஒவ்வொருவராகக் குனிந்து அவள் காதுக்குள் குசுகுசுத்தது. சிலர் முகம் துடைக்கிற புதுக் கைலேஞ்சிகளைப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

அவளுடைய மூத்த மகன் கிளிபோட் என் தோளைப் பிடித்து விளக்கினான். முன்னமே போய்ச்சேர்ந்த தங்கள் ஆட்களுக்குச் சேதியும் சாமானும் கொடுத்துவிடுகிறார்களாம். போகிறவர் கொண்டுபோய்ச் சேர்ப்பாராம். அது அவர்கள் முறை.

பிறகு என் கைக்குள் ஒரு லேஞ்சியைத் திணித்தான்.

"அங்கிள், உங்கட மகனுக்கும் குடுத்துவிடுங்கோ. அம்மா எப்பிடியும் தேடிப் பிடிச்சிடுவா."

பொடியன் நல்ல மனதோடுதான் சொன்னான்.

கொடுத்தால், பெற்ற நானே அவனைச் சாகடித்த மாதிரி. கொடுக்காமல் விட்டு, அவன் அங்கேதான் நின்றால்? எல்லாருக்கும் சேதி வருகிறது, அப்பா ஒரு சொல் அனுப்பவில்லையே என்று பார்த்துக்கொண்டு நிற்பானே.

பின்னால் வரிசை நெருக்கியது. ஒரு கிழவி என் முதுகில் தட்டினாள்.

குனிந்தேன். பவுடர் மணத்தது. எனக்கு அது தமிழில்தான் வந்தது.

"பிள்ளை, அங்கை எங்கட பொடியள் கனபேர் நிப்பாங்கள். நீ அவன்ர முகம் கண்டதில்லை. வலது புருவத்திலை வெட்டுத் தழும்பு இருக்கும், வடிவாப் பார். ஆள் இல்லையெண்டால் மட்டும் எனக்கு வந்து சொல்லு."

நிமிர்ந்தேன். லேஞ்சியைக் கிளிபோட்டின் கையில் திருப்பி வைத்துவிட்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் வெளியே நடந்தேன்.

செத்த மனுசி சேதி காவுவாள் என்று நம்ப நான் என்ன விசரனா.