ஆளை மட்டும் நீக்குங்க

மஞ்சள் தொப்பிக்காரர் நீட்டிய பென் டிரைவை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினார் ஸ்டுடியோக்காரர்.

"வழக்கமான வேலைதான் அண்ணே. ஆளை மட்டும் நீக்கிடுங்க. அங்கே இருந்த தடமே தெரியக்கூடாது. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கறேன். வெள்ளிக்கிழமை மதியம் காரியத்தை முடிச்சாகணும்."

சொல்லிவிட்டு டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வீடு வீடாகப் போய் வாட்டர் ஃபில்டர் ரிப்பேர் செய்வதாகத்தான் சொல்லிக்கொள்கிறார். யார் கண்டது?

அவர் தெருமுனை திரும்பும்வரை ஸ்டுடியோக்காரர் எட்டிப் பார்த்தார். குறுக்கே வந்த கரண்ட் கம்பி, முகத்துப் பரு, விவாகரத்தான மாப்பிள்ளை என்று போட்டோவிலிருந்து எத்தனையோ நீக்கியிருக்கிறார். இந்த ஆள் கொண்டுவருவது வேறு ரகம். போன மாதம், சாய்வு நாற்காலியில் அசந்து தூங்கும் ஒரு பெரியவர். போன வாரம், மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்த பக்கத்துத் தெருத் தையல்காரம்மா. இரண்டுமே திருட்டுத்தனமாக எடுத்த படம்.

தையல்காரம்மாவை நீக்கிக் கொடுத்த மூன்றாம் நாள் அவள் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. கடை அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. ஸ்டுடியோக்காரர் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால், படத்திலிருந்து முதலில் நீக்கிய புண்ணியவான் யார் என்று கேட்பார்களே.

இன்றைக்கு யார் தலையெழுத்தோ என்று படத்தைத் திறந்தார்.

அவர் வீட்டு ஹால். போன வருடம் வாங்கிய சோபா. அதில் காலை நீட்டி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தவன், அவர் மனைவியின் தம்பி.

இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன். எட்டு மாதமாகிறது. சாப்பாட்டுக்கு மட்டும்தான் சோபாவை விட்டு எழுவான். டிவி ரிமோட்டை ஸ்டுடியோக்காரர் கண்ணால் பார்த்தே பல நாளாயிற்று. "கூடப் பொறந்தவனைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க" என்று மனைவி மூக்கை உறிஞ்சுவாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

பதறிப்போய் போனை எடுத்தார். மைத்துனன் நம்பரைத் தேடிப் பிடித்தார். அப்புறம் மெல்ல போனைக் கவிழ்த்து வைத்தார்.

நமக்கெதுக்கு வம்பு? நாமா செய்யப் போறோம்?

ஆயுசிலேயே அப்படியொரு வேலை அவர் செய்ததில்லை. கட்டைவிரலில் ஆரம்பித்து உச்சந்தலை வரை மைத்துனனை ரசித்து ரசித்து அழித்தார். சோபாவில் ஒரு சுருக்கம்கூட விடவில்லை. "பிரமாதம் அண்ணே" என்று வாங்கிக்கொண்டு போனார் மஞ்சள் தொப்பிக்காரர்.

வெள்ளிக்கிழமை மதியம் மனைவியைச் சினிமாவுக்குக் கிளப்பினார்.

"என்னங்க திடீர்னு இவ்வளவு பாசம்? தம்பியையும் கூப்பிடட்டுமா?"

"வேணாம்மா. அவன் நிம்மதியா தூங்கட்டும்."

சாயங்காலம் திரும்பியதும், ஸ்கூட்டர் கண்ணாடியில் அழுகிற முகத்தை ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டு மாடியேறினார். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நுழைந்தார்.

"வாங்க மாமா" என்றான் மைத்துனன், வெறுந்தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு. சோபாவைக் காணோம்.

"நெட்ல வித்துட்டீங்களாமே? போன வாரம் ஃபில்டர் பார்க்க வந்த மஞ்சள் தொப்பிக்காரர்தான் வேனோட வந்தார். விளம்பரத்தைக் காட்டினார். படத்துல நம்ம சோபா அப்படியே புதுசு மாதிரி இருந்துச்சு மாமா."

"அடப்பாவி, தையல்காரக்காவோட மெஷினையும் இப்படித்தான்டா வித்துட்டுத் தூக்கிட்டுப் போனாங்க" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள் மனைவி.

"எனக்கென்னக்கா தெரியும்? பாவம், படியில தனியா இறக்க முடியாம திணறினார். நானும் ஒரு கை பிடிச்சேன்."

எட்டு மாதத்தில் மைத்துனன் அந்த வீட்டில் செய்த முதல் வேலை அது.