பேரப்பிள்ளை இல்லாத ஈக்கள்

"மூணு தடவையும் மலடு. தப்பு ஈ மேலயா, உன் கை மேலயா?"

இயொலாந்தா மேடம் கேட்டதும் நெய்வா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் போர்ட்டோ அலெக்ரே ஆய்வகத்தில் மேடம் குரலை உயர்த்தினால் ஈகூடப் பறக்காது.

நெய்வா செய்தது சாதாரணக் கலப்புதான். ஆய்வகத்தில் வருஷக்கணக்காக வளரும் வெள்ளைக்கண் பெண் ஈக்கள். பழக்கடையில் பிடித்த சிவப்புக்கண் ஆண் ஈக்கள். பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பிள்ளை இல்லை.

"இன்னும் ஒரே தடவை. அதுவும் இப்படின்னா மேஜையைக் காலி பண்ணிடு."

நாலாவது குப்பியில் புழுக்கள் நெளிந்தன. பக்கத்து மேஜை அதெல்மோ, மத்தே என்ற மூலிகைத் தேநீர் இருந்த குடுவையை அவளிடம் நீட்டினான்.

"குடி. பேரன் பேத்தி எடுத்துட்ட."

நெய்வா குடிக்கவில்லை. அந்தப் புழுக்களைப் பெற்ற ஈக்களை நுண்ணோக்கியில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நேராக மேடத்திடம் போனாள்.

"மேடம், இது என் ஈ இல்ல."

"உளறாத. ஜெயிச்சுட்ட, போ."

"மகன் ஈக்கு அம்மா கண்ணுதான் வரும். என் குப்பியில ஆண் எல்லாம் வெள்ளைக் கண்ணா இருக்கணும். இதுல எல்லாமே சிவப்பு. யாரோ மாத்தியிருக்காங்க."

வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஆராய்ச்சிப் பட்டம் கைக்கு வந்திருக்கும். எனக்கு அவள் மேல் கோபமே வந்தது.

அதெல்மோ எழுந்தான்.

"நான்தான் மேடம். இவளை அனுப்பிடுவீங்களேன்னு மனசு கேக்கல. என் குப்பியிலேருந்து எடுத்துப் போட்டேன். அதே ரெண்டு வகை ஈதான். என்ன, என்னோடதுல அம்மா கடை ஈ, அப்பா லேப் ஈ. யாரு அம்மாவா இருந்தா என்னன்னு நினைச்சேன்."

திட்ட வாயைத் திறந்த மேடம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மறுபடி சொல்லு."

சொன்னான்.

"அப்ப இவ கையில தப்பே இல்ல. மக்காச்சோளத்துல இடம் விட்டு இடம் தாவி மரபணுவைக் கெடுக்கிற துணுக்கு இருக்கே, அது மாதிரி ஒண்ணு கடை ஈக்குள்ளயும் இருக்குமோ? கடை அம்மாவுக்கு அதை அடக்கத் தெரிஞ்சிருக்கும். லேப் அம்மா அதைக் கண்டதே இல்ல. அப்பனோட சேர்ந்து உள்ள வந்து பிள்ளையை மலடாக்கிடுது."

பயந்து நின்ற நாங்கள் எல்லோரும் எங்களை அறியாமலே குப்பிகளைச் சுற்றிக் கூடிவிட்டோம்.

"அதெல்மோ, உன்னை இன்னைக்கே வெளிய அனுப்பணும்," என்றார் மேடம். "அதுக்கு முன்னால, நீ ஏமாத்தின மாதிரியே இன்னும் பத்துக் குப்பி போடு. நெய்வா, நீ தோத்த மாதிரியே பத்துப் போடு."