பாதிப் போத்தல்

“என் சென்ட் பாதிதான் இருக்கு. யார் பூசினது?”

சீமைக்குப் போயிருந்த துரை, ஆறு மாதம் கழித்து அன்றுதான் கம்பளைக்கு மேலுள்ள தன் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தார். பங்களா வேலைக்காரன் லோரன்ஸ் கைகட்டி நின்றான்.

“மூடி சரியில்லைங்க தொரை. காத்தோட போயிருக்கும்.”

“கிட்ட வா.”

துரை அவன் கழுத்தை முகர்ந்தார். தேசிக்காய் வாசம்தான் வந்தது. விடியும்போதே அவன் மனைவி அந்தோனியம்மா அந்த எலுமிச்சையைத் தேய்த்துக் கழுவி அனுப்பியிருந்தாள். “மாப்பிள்ளை கணக்கா மணந்துக்கிட்டுத் திரிஞ்சீங்களே! பிடிபட்டா வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும்.”

“சரி, என் நாயை அவுத்து விடு” என்றார் துரை.

அவிழ்த்ததும் நாய் துரையைப் பார்த்து உறுமியது. பிறகு லோரன்ஸின் காலடியில் படுத்துக்கொண்டது.

துரையின் முகம் சிவந்தது. “என் நாயை என்னடா செஞ்சே?”

“நீங்க போனதுலருந்து சோறே தின்னலைங்க. கிட்டப் போனா கடிக்க வந்துச்சு. செத்துப் போயிரும்னு பயந்து, தலை வலிக்க வலிக்க உங்க சென்டைப் பூசிக்கிட்டுத்தான் சோறு வச்சேன்.”

துரை மிச்சப் பாதியையும் தன் மேல் கொட்டிக்கொண்டு நாயைக் கூப்பிட்டார். அது வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு லோரன்ஸிடமே திரும்பிப் போனது.

“சென்ட் போகட்டும்” என்றார் துரை. “நாளைக்கு நீ இங்க இருக்கக் கூடாது.”