சுற்றிவிட்ட பள்ளம்

கிரண்குமார் மௌஸை இழுத்தான். திரையில் இருந்த நீலப் பள்ளம் தட்டாமாலை சுற்றியது.

எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வழவழப்பு. லேத்தில் கடைந்து எடுத்த புனல் மாதிரி.

எனக்கு வயிறு எரிந்தது.

திருப்பதியில் எங்கள் கல்லூரி லேப். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் பெங்களூர் கம்பெனிக்காரர், நாகபூஷணம். குடுபல்லிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலை போடப் போகிறார். தண்ணீர் இருக்கும் பக்கமாகப் பார்த்து நிலம் வாங்க வேண்டும்.

நானும் கிரணும் அந்த ஊர்தான். அவன் ஊர், நான் காலனி. ஏரியடி போர்வெல்லை ஓடவிட்டு, சுற்றுவட்டக் கிணறுகளில் தண்ணீர் எந்த ஆழத்துக்குப் பள்ளமாக இறங்கி நிற்கிறது என்று ஆளுக்கு ஒரு படம் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நல்ல படம் போட்டவனுக்குப் பெங்களூரில் வேலை. ஒருவனுக்குத்தான்.

நான் நாலா பக்கமும் போனேன். முள்ளுக்குள் புகுந்தேன். படி இடிந்த கிணறுகளில் கயிறு கட்டி இறங்கினேன். கல் உடைத்த பணத்தில் படித்தவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

கிரண் தார் ரோட்டுப் பக்கம் மட்டும் பைக்கில் போனான். அவன் மாமன்களின் கிணறுகள். மோர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். வாய்க்காலைத் தாண்டிக் காலனிப் பக்கம் அவன் வரவேயில்லை. ஊர்க்காரர்கள் யாரும் வருவதில்லை. வரவேண்டும் என்று அவனுக்குத் தோன்றக்கூட இல்லை.

அவனிடம் இருந்தது இரண்டே வரிசை எண். போர்வெல்லிலிருந்து தூரம், தண்ணீரின் ஆழம். அதை வைத்துக் கோடு போடலாம், பள்ளம் போட முடியாது. பயல் என்ன செய்தான் என்றால், போர்வெல்லை நடுவில் வைத்து அந்த ஒற்றைக் கோட்டை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டான். கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, தூரத்தைக் காஸ், சைன் மதிப்புகளால் பெருக்கிக்கொண்டே போனான். ரோட்டுப் பக்கத்துத் தண்ணீர் எட்டுத் திசைக்கும் பரவிவிட்டது.

பக்கத்துக் கம்ப்யூட்டரில், காலேபு என்று பெயர் போட்ட என் படம். மேடும் குழியும்.

“இன்னாடா இது, நாய் கடிச்சித் துப்புன வடையாட்டம் கீது,” என்று காலையிலேயே சிரித்தான். “ஒரு பக்கம் அளந்தா போதும்டா காலேபு. மிச்சத்த மிஷினு சுத்திக் குடுத்துடும். நீ இன்னாத்துக்கு கெணறு கெணறா தொங்கிக்கினு இருந்த?”

அவன் சட்டையின் இஸ்திரி மடிப்பையே பார்த்தேன். கம்பெனிக்காரரிடம் அவன் பேசிய இங்கிலீஷைக் கேட்டேன். பொறாமை உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் என்னால் காட்ட முடியும். பல் ஈறில். கடித்துக் கடித்து வலி எடுத்துவிட்டது.

நாகபூஷணம் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். என் படத்தின் காலனிப் பக்கம் விரலை வைத்தார். இங்கே உன் படத்தில் காய்ந்து கிடக்கிறது, அவன் படத்தில் தண்ணீர் நிற்கிறது, எது நிஜம் என்று தெலுங்கில் கேட்டார்.

கிரணின் கை மௌஸ் மேல் அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தான்.

அந்த முகம் எனக்கு வெல்லம் மாதிரி இனித்தது.

ஒரு வார்த்தை போதும். வாய்க்காலுக்கு அடியில் சுவர் வைத்த மாதிரி கருங்கல் ஓடுகிறது. ரோட்டுப் பக்கத்துத் தண்ணீர் அதைத் தாண்டி வராது. எங்கள் நிலத்துக் கிணறு உட்பட, காலனிக் கிணறுகளில் தவளை கூடக் கிடையாது. இவன் அங்கே எட்டிப் பார்க்கவே இல்லை. இவ்வளவுதான். சொன்னால் பெங்களூர் எனக்கு. மடிப்புக் கலையாத சட்டையோடு இவன் மாமன்களிடம் திரும்பிப் போக வேண்டியதுதான்.

வாயைத் திறந்தேன்.

“என்னுதுதான் தப்பு சார். டேப்பு அறுந்துபோச்சி. முடிச்சு போட்டு அளந்தேன்.”

நாகபூஷணம் தலையை ஆட்டினார். அப்படியானால் காலனிப் பக்கமே வாங்கிவிடலாம், ரோட்டுப் பக்கம் வாய் கூசாமல் விலை சொல்கிறார்கள் என்றார். கிரணின் தோளில் தட்டிவிட்டு, எப்போது வேலைக்கு வந்து சேர்கிறாய் என்று கேட்டார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் கிரண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“எனக்கோசரமாடா மச்சான்…”

கையை உதறினேன். வேலையும் அவனுக்கு, நல்லவன் ஒருவன் நண்பனாக இருக்கிறான் என்ற சந்தோஷமும் அவனுக்கா? தாங்க முடியவில்லை.

நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். பெங்களூரில் என் அப்பா கலவை சுமக்கும் கட்டடத்தின் மேஸ்திரி நம்பரைப் போட்டேன். கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

“நைனா, வேலைய வுட்டுட்டு ஊருக்குப் போ. நம்ம நெலத்த வாங்க ஆளு வருது. அவங்க வர்றதுக்குள்ள முள்ளு வெட்டிப் போட்டுக் கெணத்த மூடிடு.”